பொங்கல் வரைக்கும் ஒரு ஓவன்

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் தொழிலில் ஓவனுக்கு முன்னாடி நம்ம மண்டைதான் சூடாகும். போனில் வீடியோ பார்த்து, மழை நாளில் சுடச்சுட ஒரு துண்டு கேக் யாருக்குத்தான் கசக்கும் என்று நம்பி இறங்கிய தோழிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாத்திரை கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி அட்டை அடுக்கி, கால் இரண்டும் வீங்கிப்போய் வேலையை விட்டவள் நான். கரும்பு டிராக்டர் ஓட்டும் என் வீட்டுக்காரர் சத்தம்கூடப் போடவில்லை. பொங்கல் வரைக்கும் பார், ஆர்டர் நிலைக்கவில்லை என்றால் ஓவனைக் கொடுத்துவிட்டுப் பழையபடி கம்பெனி வேனில் ஏறிவிடு என்றார். அந்த வேனின் ஹாரன் தெருமுனையில் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டுவிடுவேன்.

ஐப்பசி கரன்ட்

எங்கள் கரிக்கலாம்பாக்கத்தில் முதல் தூறல் மண்ணில் விழும் முன்பே கரன்ட் போய்விடும். வில்லியனூரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய், மகள் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ கேக் சொல்லியிருந்தார். கேக் நன்றாக உப்பி வந்த நேரத்தில் கரன்ட் போச்சு. ஒரு மணி நேரம் கழித்து கரன்ட் வந்து, ஓவனைத் திறந்து பார்த்தால் ஓரமெல்லாம் நிற்கிறது, நடு மட்டும் பொதக்கென்று உள்ளே போயிருக்கிறது. வேறு கேக் சுட நேரமில்லை. பள்ளத்தில் கிரீமைக் கொட்டி மட்டமாக்கி, மேலே செர்ரி நட்டு அனுப்பிவிட்டேன். செய்தது தப்புதான், எனக்கே தெரியும்.

மறுநாள் பாய் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். "கேக்கு கேட்டா கெணறு வெட்டிக் குடுத்துட்டீங்களேம்மா. அடுத்த வாட்டி கடையிலயே வாங்கிக்கறோம், மனசுல வெச்சுக்காதீங்க."

கார்த்திகையில் முட்டை

பாகூரில் ஒரு வீடு. அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் மாலை போட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு முதல் பிறந்தநாள். முட்டை வாசனையே ஆகாது என்று நாலு தடவை சொன்னார்கள். பாத்திரத்தை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து, தலைக்குக் குளித்து, தயிர் ஊற்றிச் செய்தேன். சத்தியமாக என் வாழ்நாளில் அவ்வளவு மெத்தென்று ஒரு கேக் வந்ததில்லை. அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கொண்டுபோகும் வழியில், அடுத்த ஆர்டருக்கு முட்டை தீர்ந்தது ஞாபகம் வந்தது. அப்படியே நிறுத்தி ஒரு அட்டை வாங்கி, மடியில் கேக் பெட்டி, பெட்டி மேல் முப்பது முட்டை என்று அவர்கள் வாசலில் போய் இறங்கினேன். என் புத்தியை என்ன சொல்ல. கறுப்பு வேட்டி கட்டிய மூன்று சாமிகளும் அப்படியே பின்வாங்கினார்கள். கேக் படி தாண்டவில்லை. அந்த வீட்டம்மா மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "கேக்குல முட்ட இல்லன்னு நான் நம்பறேன்மா. முட்டைக்குக் கீழ கேக்கு இருந்துச்சே, அதுக்கு சாமிங்ககிட்ட இன்னா சொல்லுவேன்?"

மார்கழிப் பனி

மிச்சமிருந்தது மார்கழி. பனிக்கு இதமாகச் சுக்கும் கருப்பட்டியும் போட்டு கேக் செய்து, விடிகாலையில் பெருமாள் கோயில் எதிரே டீக்கடை ஓரம் மேசை போட்டேன். ஊரே கோயிலுக்கு வந்தது. வந்த எல்லார் கையிலும் தொன்னை நிறைய ஆவி பறக்கும் பொங்கல், சும்மா கொடுத்தது. என் கேக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஏழு மணிக்குப் பசி தாங்காமல் நானும் வரிசையில் நின்று ஒரு தொன்னை வாங்கி வந்து மேசைக்குப் பின்னால் நின்றே தின்றேன். டீ மாஸ்டர் பார்த்துவிட்டார். "நீயே பொங்கல துன்னுட்டு நிக்கற, இதுல நாங்க எங்கம்மா கேக்கு வாங்கறது?"

மேஸ்திரி வீட்டுப் படையல்

எதிர் வீட்டு மேஸ்திரிக்குச் சர்க்கரை. ஓவன் வாசனை கிளம்பினால் போதும், வாசலில் வந்து நின்று, இன்னாமா இன்னிக்கு என்று கேட்பார். ஒரு துண்டும் கொடுக்கக் கூடாது என்று அவர் சம்சாரம் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நானும் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன். மார்கழியில் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

கருமாதிக்கு முன்தினம் அந்தம்மா வந்து, படையலுக்கு ஒரு முழு கேக் வேண்டும் என்றாள். செய்து கொண்டுபோனேன். இலையில் வடை, பாயசம், அதிரசம், நடுவில் கேக். மாடியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள், காக்கை வரவில்லை. எல்லார் முகமும் தொங்கிப்போன பிறகு ஒன்று வந்தது. வடையைத் தாண்டி, பாயசத்தைத் தாண்டி, நேரே கேக்கைக் கொத்தியது. அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்கசொல்ல ஒரு துண்டு குடுத்திருக்கலாம், இல்லம்மா?"

போகியன்று ஓவன் வேறு வீட்டுக்குப் போனது, பொங்கல் முடிந்து நான் வேனுக்குப் போனேன், மூன்று மாதத்தில் என் கேக்கைக் குறை சொல்லாமல் தின்ற ஒரே வாடிக்கையாளரும் மறு ஆர்டர் கொடுக்காமல் பறந்துபோய்விட்டார்.