உடைக்காத செங்கல்

ஐந்நூறு தோட்டா அடங்கிய அட்டைப்பெட்டியை எங்கள் பக்கம் செங்கல் என்போம். துப்பாக்கிக்குப் புதுச் சட்டம் வரப்போகிறது என்று 2013-இல் யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், மேற்குப் பென்சில்வேனியா முழுக்கப் பஞ்சகாலத்து வியாபாரி மாதிரி தோட்டாவைப் பதுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் எதை? நாங்கள் காகித இலக்கில் ஓட்டை போடுகிற சின்ன ரைஃபிள் தோட்டாவை. அதை வைத்துக்கொண்டு எந்த அரசாங்கத்தை எதிர்க்கப் போகிறார்களாம்?

நெட்டி ஹோவானெக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான். ஊர்த் தீயணைப்பு வீரர்கள் நடத்தும் மன்றத்தின் நிலவறையில் நாங்கள் கூடிச் சுடுவோம். பிறகு அவள் கொண்டுவரும் முட்டைக்கோஸ் நூடுல்ஸைத் தட்டு வழியச் சாப்பிட்டுவிட்டு, ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு வீடு திரும்புவோம்.

துப்பாக்கிக் கடையில் காலை திறந்ததும் ஆளுக்கு ஒரு பெட்டி கொடுப்பார்கள். அந்நேரம் நெட்டி ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டிருப்பாள். வேலையில்லாத வெர்ன் ஷ்ராடர் மனைவி, மைத்துனன் சகிதம் வரிசையில் நிற்பான். அவனும் எங்கள் கூட்டத்து ஆள்தான். வாங்கியதைச் சாயங்காலம் மன்றத்து வாசலிலேயே லாரியின் பின்கதவைத் திறந்து நாலு மடங்கு விலைக்கு விற்பான். எங்களிடமே! வெட்கம் என்று ஒன்று வேண்டாமா மனிதனுக்கு?

நெட்டி அவனிடம் ஒரு தோட்டாகூட வாங்கவில்லை. போட்டியை நடத்துகிறவள் அவள்தான்; ஆளுக்கு நாற்பது தோட்டா சுடுகிறதைப் பத்தாக்கினாள். அதுவும் கட்டாதபோது ஆளுக்கு ஒரே ஒரு தோட்டா என்றாள். மீதி நேரம் வெறும் துப்பாக்கியைப் பிடித்துக் குறிபார்த்துப் பழகினோம். மாடியில் இருந்த மன்றத்துக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ, அந்த ஒரு தோட்டாவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது போல நான் அதற்கு முன் நின்றதே இல்லை.

ஆனாலும் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். எட்டுப் பேராவது சுடாவிட்டால் வியாழக்கிழமை பிங்கோ என்கிற எண் சூதாட்டத்துக்குப் போய்விடும் என்று மன்றச் செயலாளர் ரே சொல்லிவிட்டார்.

அவர் கணக்குப் பார்க்க வந்த வாரம் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். எட்டாவதாகப் படியிறங்கி வந்தவன் வெர்ன். கக்கத்தில் ரைஃபிள், கையில் ஒட்டுத்தாள் கிழியாத புத்தம்புதுச் செங்கல்.

"வந்துட்டேன்ல! நெட்டி, ஒரு தோட்டா கடன் குடேன்."

"கையில என்ன வச்சிருக்க, ரொட்டியா?"

"இதைப் பிரிக்க முடியாதும்மா. பிரிச்சா பாதி விலைதான் தருவாங்க. போற வழியில ஒருத்தனுக்குக் கொடுக்கணும்."

என் சட்டைப்பையில் ரெண்டு மூன்று தோட்டா கிடந்தது. எப்படியாவது இந்த வியாழன் பிழைத்துப் போகட்டும் என்று கையை விட்டேன். நெட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ஸ்டான், எடுத்தே, கையை முறிச்சிடுவேன்." அவன் பக்கம் திரும்பினாள். "பிரி வெர்ன். ஒண்ணே ஒண்ணு எடு. சுடு. மீதியை எவனுக்கு வேணா வித்துக்கோ."

வெர்ன் செங்கலைப் பார்த்தான். நகத்தால் ஒட்டுத்தாளின் ஓரத்தைக் கொஞ்சம் நெருடினான். பிறகு தடவி ஒட்டிவிட்டான்.

வீட்டு நிலவறையில் சுவர் எழுப்பும் அளவுக்குச் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறவன்! வருஷம் முழுக்க அவன் ஒரு தடவைகூடச் சுடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரே கீழே வந்தார். "எத்தனை பேரு?"

"எட்டு," என்றான் வெர்ன், கூசாமல்.

"ஏழு," என்றாள் நெட்டி.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், கண்ணு தெரியலையா உனக்கு?"

"நிக்கிறவங்க கணக்கை அவர் கேக்கல. சுடுறவங்க கணக்கைக் கேட்டாரு."

ரே எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, அப்ப பிங்கோதான்," என்று படியேறினார். வெர்ன் தோளைக் குலுக்கிவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன்மேல் பாதி, அவள்மேல் பாதி. "எட்டுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் உனக்கு?"

"சொல்லியிருந்தா அடுத்த வாரமும் அவன் வந்து நின்னிருப்பான் ஸ்டான். அவன் பக்கத்துல நின்னு என்னால சுட முடியாது."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.