சேலைன் போத்தலில் பெற்றோல்

போன கிழமை என் காரில் மஞ்சள் விளக்கொன்று பற்றிக்கொண்டது, எஞ்சின் படம் போட்டது. திருகோணமலையில் என் வழக்கமான கராஜ்காரர் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். "புகை போற குழாயில சென்சர் ஒண்டு பழுது, ஐயா. இப்பிடியே விட்டா புகைச் சோதனையில பாஸ் பண்ண ஏலாது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் விடாத புகையா?

யுத்த காலத்தில் எங்கள் வெருகல் பக்கம் பெற்றோலுக்குத் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஆறிய எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. பொனெற்று மூடிக்குள், ஆஸ்பத்திரியில் மருந்தேற்றும் சேலைன் போத்தல் ஒன்றைக் கட்டி, களவாகக் கிடைத்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எழுப்ப வேண்டும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். இந்த மஞ்சள் விளக்கு அன்றைக்கு இருந்திருந்தால் ஒருநாளும் அணைந்திராது.

அக்காவின் கணவர், என் அத்தான், ஒரு பழைய மொறிஸ் மைனரை இப்படித்தான் வாடகைக்கு ஓட்டினார். புகையைப் பார்த்தே நோய் சொல்வார். "கறுப்பெண்டா மண்ணெண்ணெய் கூட. நீலமெண்டா எஞ்சின் ஒயில் எரியுது. வெள்ளையெண்டா இறங்கித் தள்ளு." தள்ளுவது என் வேலை. கூட்டுறவுச் சங்கக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என்மேல் வீசிய மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு, பக்கத்தில் பீடி பற்றவைக்கவே ஆட்கள் பயந்தார்கள்.

அக்காவுக்குப் பிரசவ வலி கண்ட காலை, மூதூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். கிளிவெட்டி தாண்டி, மூதூரை நெருங்கும்போது காவலரணில் மறித்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். பொனெற்றைத் திறந்த சிப்பாய் போத்தலைக் கண்டான்.

"என்ன இது?"

"சேலைன், சேர். மனிசிக்கு" என்றார் அத்தான்.

பெற்றோல் என்று சொன்னால் அத்தானைப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா வீதியில் கிடப்பாள்.

அவன் போத்தலை மூக்கருகே பிடித்தான். விளங்கிவிட்டது அவனுக்கு. மற்றவர்களையும் கைதட்டிக் கூப்பிட்டான்.

"மருந்துதானே? குடி."

அத்தான் குடித்தார். ஒரு மிடறோடு விட்டுவிடுவான், மிச்சத்தில் வண்டியை எழுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பார். "இன்னும்" என்றான். போத்தல் காலியாகும்வரை அந்த ஒரு சொல்தான். துவக்குகளின் முன்னால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்டா தம்பி நிக்குது?" என்று பின் சீற்றிலிருந்து அக்கா கேட்டாள்.

"எஞ்சின் சூடு ஆறட்டுமாம், அக்கா."

உண்மையாகவே ஆறும்வரை வைத்திருந்துவிட்டு, போகச் சொன்னார்கள். அத்தான் சாவியைத் திருப்பினார், இறங்கி வாந்தியெடுத்தார், மறுபடி திருப்பினார். தள்ளினோம். அதே சிப்பாய் சிரித்துக்கொண்டே வந்து தோள் கொடுத்தான். வெள்ளைப் புகைதான் வந்தது. ஆஸ்பத்திரிவரை தள்ளுவதென்று அத்தானும் நானும் தள்ளிக்கொண்டே போனோம். பாதி வழியில் அக்காவின் முனகல் நின்றுவிட்டது. அத்தானுக்கு அது கேட்கவில்லை. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, அவர் தள்ளிக்கொண்டே வந்தார். பிள்ளையும் அவளோடு போயிற்று.

அந்தச் சிப்பாயை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை. அத்தான் குடல் வெந்து கொஞ்சக் காலம் கிடந்து செத்தார். மொறிஸ் மைனர் பழைய இரும்புக்குப் போனது. காவலரண் இல்லை, மண்மூட்டைகள் இல்லை, குண்டும் குழியுமான வீதி இப்போது வழுவழுவென்ற காபெட் வீதி. அண்மையில் அந்த இடத்தைக் கடந்தபோது ரேடியோவில் ஒரு பாட்டுத் தொடங்கியது. அது முடியுமுன்பே ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.