விசுக்கென்று போனவர்கள்

திருவள்ளூர்க் குளத்துப் படிகள் தை அமாவாசையன்று காலில் ஒட்டும். மருவும் கட்டியும் கரைந்துபோக வேண்டிக்கொண்டு ஊர் ஊராக வந்து தண்ணீரில் வெல்லம் கரைப்பார்கள். பாதி வெல்லம் குளத்துக்கு, மீதி நம் உள்ளங்காலுக்கு. அறுபதுகளின் கடைசியில், என் அக்காவின் மோவாயில் இருந்த மருவைக் கரைக்க, நாங்களும் அம்மா, நைனாவோடு ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவோம்.

எங்கள் வீட்டில் மருவைவிடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. அதன் பெயர் ‘விசுக்குனு’. அவசரமாக எழுந்து போவதெல்லாம் இதில் சேராது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் விசுக்கென்று போவதில்லை. கோபத்தில் முகம் உப்பியிருக்க வேண்டும். முக்கியமாக, உடம்பு முன்னே போகும்போது காது மட்டும் பின்னாலேயே நிற்க வேண்டும், யாராவது கூப்பிடுகிறார்களா என்று. கூப்பிடாமல் திரும்பி வந்தால் மானம் போய்விடும். இந்தக் கலையில் நான் பால்பல் விழுமுன்பே தேறியிருந்தேன்.

அந்த வருஷம், கரைக்க வைத்திருந்த வெல்லத்தில் ஒரு கட்டியை என் வாய்க்குத் திருப்பிவிடப் பார்த்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். “இவன் கோவத்துக்கும் ஒரு கட்டி கரைச்சிடும்மா” என்றாள் அக்கா. போதாதா? விசுக்கென்று எழுந்து நடந்தேன். காது பின்னாலேயே இருந்ததால் அம்மா சொன்னது நன்றாகக் கேட்டது: “மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு பூட்டான் பாரு, அப்டியே அவங்க நைனா!”

மண்டபத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்த வாசனை வந்தது. கூப்பிடும் குரல் வரவில்லை. பக்கத்தில் யாரோ செருமினார்கள். எட்டிப் பார்த்தால், தூணின் அந்தப் பக்கம் நைனா! அம்மாவின் அந்த ஒரு சொல்லில் அவரும் விசுக்கென்று கிளம்பி வந்திருக்கிறார்.

“இன்னாடா, உன்ன கூப்ட்டாளா?”

“இல்ல நைனா. உன்ன?”

“ம்ஹூம்.”

தூக்கின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு மரு இருந்ததே தவிர, பசியில் ஒரு குறையும் இல்லை. நைனா தூணையே பார்த்துக்கொண்டு யோசித்தார்.

“ஒண்ணு பண்லாம். நான் உன்ன கூப்புட்றேன், நீ என்ன கூப்புடு.” தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “டேய் கண்ணு, சாப்ட வாடா.”

“நீயும் வா நைனா.”

மானத்துக்குச் சேதமில்லாமல், தலை நிமிர்ந்து வந்து சேர்ந்தோம். அம்மா தனியே எடுத்து மூடிவைத்திருந்த இரண்டு இலைகளை எங்கள் முன்னால் நகர்த்திவிட்டு, அக்காவிடம் மட்டும் சொன்னாள்: “ரெண்டு கட்டி சேத்தே கரைச்சிட்டேன்டீ.”

மரு கரைந்தது. எங்கள் வியாதி கரையவில்லை.

அந்தத் தூக்கும் இன்று இல்லை, நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ‘விசுக்குனு’ என்ற வார்த்தைகூட அபூர்வமாகிவிட்டது, கோபம் வந்தால் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறுகிறார்கள், காதை விட்டுவிட்டுப் போக அதில் வசதியில்லை. எனக்கோ கோபம் அப்படியே இருக்கிறது, முழங்கால்தான் இல்லை. போன வாரம் உப்பில்லாத சாம்பாரைக் கண்டு விசுக்கென்று எழப் பார்த்து, மேசையைப் பிடித்தபடி பாதியில் நின்றுவிட்டேன். பேத்தி ஓடி வந்தாள்.

“கோவமா தாத்தா? இரு, புடிச்சிக்கறேன், அப்புறம் போ.”

கை கொடுத்து எழுப்பி, வாசல்வரை கூடவே நடந்து வந்து, என்னை அங்கே நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“இப்ப கூப்புடட்டுமா?”