கேபி அக்காவின் ஓட்டைக் குடை

அவர் நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் ஓட்டியவர். முப்பது வருடம் ஈரத்திலேயே வேலை பார்த்ததாலோ என்னவோ, கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் லேமினேட் செய்துவிடுவார். மிக்சியின் வாரண்டி கார்டுகூடத் தப்பவில்லை. “தண்ணி பட்டா எல்லாம் போச்சு” என்பார். நான்கு மாதத்துக்கு முன் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். காகிதங்கள் மட்டும் பளபளவென்று இருந்தன.

அந்தப் பளபளப்புதான் வினையாகிவிட்டது. குடும்ப ஓய்வூதியத்துக்காக அவர் மனைவி இணையத்தில் ஏற்றிய திருமணச் சான்றிதழ், ‘பதிவு எண் தெளிவாக இல்லை’ என்று இரண்டு முறை திரும்பி வந்தது. லேமினேஷன் சரியாக அந்த எண்ணின் மேல்தான் நெளிந்திருந்தது. ஸ்கேனர் வெளிச்சம் பட்டதும் அங்கே வெள்ளையாக ஒரு கோடு. மூன்றாவது முறையும் திரும்பினால் விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள். கடைசி நாள் அன்றைக்குத்தான், மாலை ஐந்து மணிவரை. இரண்டு கணினிக் கடைக்காரர்கள் “உரிச்சிட்டு வாங்க” என்றார்கள். அவர் கைப்பட ஒட்டியதை உரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாக ஏறியது மாடிப்படிக்குக் கீழே இருந்த கேபி அக்காவின் கடை. எந்தத் தாளை நீட்டினாலும் “எத்தனை கேபி கேக்கிறான்?” என்றுதான் அவள் வாய் திறக்கும். கோப்பு எத்தனை கிலோபைட் என்று கேட்கும் அந்தக் கேள்வியால் வந்த பெயர்.

“இருநூறு கேபிக்குள்ள இருக்கணுமாம். உரிக்கச் சொல்றாங்க” என்று சான்றிதழை நீட்டினாள்.

“ஐயையோ, உரிச்சிடாதீங்கம்மா! எழுத்தும் கூடவே வந்துடும்.” கேபி அக்கா தாளைச் சாய்த்துப் பார்த்தாள். “யாரு இப்படி சுடச்சுட ஒட்டினது?”

“வீட்டுக்காரர்.”

“நல்லவேளை, உங்களை விட்டு வச்சாரே!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாதமாக வராத சிரிப்பு. வந்ததும் கண்ணும் கலங்கியது. கேபி அக்கா அதைப் பார்க்காதவள்போல மேசைக்கடியில் குனிந்து ஒரு கறுப்புக் குடையை எடுத்தாள். கம்பி இரண்டு உடைந்திருந்தது. துணியில் ரூபாய்க் காசளவு ஓர் ஓட்டை.

வரிசையில் நின்ற எலக்ட்ரீஷியன் விடவில்லை. “என்னக்கா, கடைக்குள்ள மழையா?”

“உன் வாய்க்குத்தான் குடை பிடிக்கணும். நகரு.”

சான்றிதழை வாசல் படியில் வைத்து, அதன்மேல் குடையை விரித்தாள். ஓட்டையில் போன் கேமராவின் கண்ணை வைத்தாள். மேலே இருந்து விழுந்த வெளிச்சத்தைக் குடை மறைத்தது. பக்கவாட்டில் வந்தது மட்டும் தாளைத் தொட்டது. கம்பி தொங்கிய பக்கம் துணி சரியச் சரிய, அவள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலு படம் வீணாயிற்று. ஐந்தாவதில் வெள்ளைக் கோட்டைக் காணோம். எண் பளிச்சென்று இருந்தது.

ஆனால் கோப்பு பெரிதாகிவிட்டது. கேபி அக்கா ஓரங்களை வெட்டினாள், அளவைக் குறைத்தாள். இருநூற்று நாற்பது. ஒரேயடியாகக் குறைத்ததில் எண் மங்கியது. “இது ஆகாது” என்று அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தி, ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்தாள். எதிரே நின்றவள் தாளைப் பார்த்துத் தலையாட்டினாள். ஏற்றி முடித்தபோது நாலு நாற்பது.

“ஒப்புகைச் சீட்டு, பத்திரம். லேமினேட் பண்ணிடாதீங்க!”

பதினோரு நாள் கழித்து ‘ஏற்கப்பட்டது’ என்று போனில் செய்தி வந்தது. அவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு கடைத்தெருவுக்குப் போய், கம்பி கெட்டியான கறுப்புக் குடையாகப் பார்த்து வாங்கினாள்.

கேபி அக்கா அதை விரித்து, சுழற்றிப் பார்த்தாள். “எதுக்கும்மா இதெல்லாம்?”

“உன் குடை உடைஞ்சு கிடந்துச்சே. அன்னைக்குக் கையால தாங்கிப் பிடிச்சியே.”

கேபி அக்கா மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

“ஓட்டை எந்தப் பக்கம் வெட்டட்டும்? நீங்களே சொல்லுங்க.”

அவள் விரல் வைத்துக் காட்டினாள்.