வேதவல்லி மேடத்தின் வரைபடத்தில் எங்கள் சந்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டாண்டில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வேதவல்லி மேடத்தின் மகள் போன் செய்தாள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் தடுமாறித்தான் வரும். "அங்கிள், அம்மா எக்ஸ்பயர் ஆயிட்டாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு" என்றாள். ஏரவாடாவிலிருந்து, ஊரின் மறுகோடியில் மேடம் வீடு இருக்கும் நிக்டிக்கு அன்று நான் போன வேகத்துக்கு டெக்கான் ரயில்கூடப் பின்னால்தான் வந்திருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேடம் கோயம்புத்தூர்க்காரர். கணவருக்கு நிக்டிப் பக்கம் கம்பெனி வேலை. மேடம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். ஜனத்தொகைக் கணக்கையும், வீடு வீடாகக் கேட்டு எழுதிய படிவங்களையும் வைத்து, நகரத்தில் எந்தச் சந்தில் எவ்வளவு கஷ்டம் என்று வரைபடம் போடுவது அவர் தொழில். கஷ்டப்படும் சந்துக்குக் கறுப்பு, நடுத்தரத்துக்குச் சாம்பல், வசதியானதற்கு வெள்ளை. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் அந்த வரைபடத்தை அவருடைய ஆபீசர்களைவிட வேகமாகப் படிப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் என் ஆட்டோவில் ஏறி, ஏரவாடாவில் தமிழர்கள் எத்தனை சந்துகளில் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். பதினான்கு என்றேன். சாயங்காலம் வரை சுற்றியதில் மூன்றுதான் தேறின.

"மீதிப் பதினொண்ணு எங்கீங்ண்ணா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க மேடம்."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நான்தான் அவருக்கு வழிகாட்டி. பூனாவை அவருக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான் என்று சொன்னால் அதில் பாதிக்கு மேல் உண்மை.

அவர் வேலை செய்யும் விதமே தனி. கட்டிலில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். வாசலில் குந்தி உட்கார்ந்து, முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பார். பிறகு குடங்களை எண்ணுவார். ஏன் என்று கேட்டேன். "தண்ணி தூரமா இருந்தா வீட்டுல குடம் ஜாஸ்தி இருக்குமுங்ண்ணா. வாய் பெருமைக்குச் சொல்லும், குடம் சொல்லாதுங்க" என்றார்.

அதுவரை முனையோடு பார்த்திருந்த எங்கள் சந்துக்குள் வரவேண்டிய நாளில் அவருக்குக் காய்ச்சல். இரண்டு மராத்திப் பெண்களை அனுப்பி, என்னைக் கூட இருந்து மராத்தியில் பேசிக்கொடுக்கச் சொன்னார். "நீங்க இருந்தா நானே போன மாதிரிங்க" என்றார்.

முந்தின நாளே சந்தில் எல்லோரையும் கூட்டி நான் ஒரு பேச்சுப் பேசினேன். சர்க்கார் காகிதத்தில் ஏழை என்று எழுதிவிட்டால் அப்புறம் அழியாது, பெண்பிள்ளைகளுக்கு வரன் வராது, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்களின் மானம் போய்விடும், ஆகவே எல்லோரும் ஊரில் இருக்கிற வீட்டைச் சொல்லுங்கள் என்றேன். தகரமும் சாக்கும் போட்ட குடிசையில் நின்றுகொண்டு ஒவ்வொருவரும் ஊரிலுள்ள ஓட்டு வீட்டையும் கிணற்றையும் சொன்னார்கள். ஊரிலும் வீடு இல்லாதவர்களுக்கு நானே மராத்தியில் சுவர் எழுப்பி ஓடு வேய்ந்தேன். கூரையைப் பார்த்து ஒரு பெண் தயங்கினாள். ரிப்பேர் வேலை நடக்கிறது, இது தற்காலிகம் என்றேன். எழுதிக்கொண்டாள்.

வரைபடம் வந்தது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் எங்கள் சந்து மட்டும் பால் மாதிரி வெள்ளை. ஸ்டாண்டில் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் கார்ப்பரேஷன்காரர்கள் குழாயும் கக்கூஸும் போட்டார்கள். கறுப்புச் சந்துகளுக்கெல்லாம் வந்தது. எங்களுக்கு இல்லை. என் மனைவி அஞ்சலை பக்கத்துச் சந்துக் குழாயடிக்குக் குடத்தோடு போனால், "மாடி வீட்டுக்காரி வந்துட்டா, வழி விடுங்கடி" என்பார்களாம். வீட்டுக்கு வந்து குடத்தை என் காலடியில் வைத்து, "உன் ஓட்டு வீட்டுக் கிணத்துல போயி நீயே மொண்டாய்யா" என்றாள்.

மேடம் என்னைத் தேடி ஸ்டாண்டுக்கே வந்தார். முகம் வாடியிருந்தது. ஆபீசில் ஏதோ பேச்சு வாங்கியிருக்கிறார்.

"ஏனுங்ண்ணா, நான் எங்காச்சும் தப்பாக் கூட்டிப்போட்டனா?"

அந்த ஒரு நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய் வேறு சொன்னது. "கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் ஆயிருக்கும் மேடம்" என்றேன். அவர் ராத்திரி பகலாக அத்தனை படிவத்தையும் மறுபடி கூட்டினாராம். கூட்டலில் தப்பு இருந்தால்தானே கிடைக்கும்?

வருஷங்கள் ஓடின. அடுத்த கணக்கெடுப்புக்கு மேடமே எங்கள் சந்துக்குள் நடந்து வந்தார். வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து குடங்களை எண்ணினார். பதினொன்று. அஞ்சலை மறைக்கவில்லை; எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் தலை குனிந்து நின்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே திருத்தியிருப்பேனுங்ண்ணா" என்றார் மேடம். அவ்வளவுதான். என் ஆட்டோவிலேயே திரும்பினார்.  நிக்டி வரும்வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றிருந்தேன்.

புதிய வரைபடத்தில் எங்கள் சந்து கறுப்பாக வந்தது. குழாயும் வந்தது. அதற்குள் அஞ்சலையின் வலது தோள் தூக்க முடியாமல் போயிருந்தது.

நிக்டி வீட்டில் மேடத்தைக் கிடத்தியிருந்த கூடத்தில் அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் ஹிந்தியில் பேசினார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் மேடம் எப்போதும் ஒரு கதை சொல்வாராம். "ஒரு முறை காய்ச்சல் என்று நான் ஒரு சந்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன், அந்தச் சந்துக்குப் பல வருஷம் தண்ணீர் வரவில்லை, தப்பு முழுக்க என்னுடையது, நீங்கள் அப்படி இருக்காதீர்கள்" என்பாராம். என் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மூன்று பாஷையில் நாள் முழுக்கப் பேசக்கூடியவன் நான். அந்தக் கூடத்தில் எனக்கு ஒரு பாஷையும் வரவில்லை.

வண்டியில் ஏற்றினார்கள். பின்பக்கக் கதவில் கை வைத்துக்கொண்டு நாலடி கூடவே நடந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். வண்டி வேகமெடுத்தது, கை விட்டுப்போயிற்று.

ஆகவே இங்கே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். மேடம், தப்பு உங்களுடையது அல்ல. ஏரவாடா ஆட்டோக்காரன் பெரியசாமியுடையது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.