முப்பத்தாறு மில்லிமீட்டர்

மழை வந்தால் எல்லோருக்கும் மண் மணக்கும். எனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் மணக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மகளின் பள்ளியில் பெற்றோரும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து மழைமானி செய்யச் சொன்னார்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுத்தோடு அறுத்து, அறுத்த தலையைக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, பக்கவாட்டில் காகித அளவுகோலை ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் வைத்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் முதல் துளி உள்ளே விழுந்தது. டப். மகள் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூக்கை விட்டு முகர்ந்துகொண்டிருந்தேன்.

"என்னம்மா மோந்து பாக்குற? வெறுந்தண்ணிதான்" என்றாள்.

வெறுந்தண்ணிதான். ஆனால் என் முதல் மழைமானி ஊறுகாய் பாட்டில். சாம்பல் போட்டு, சீயக்காய் போட்டு, மூன்று நாள் வெயிலில் கவிழ்த்துவைத்தும் நார்த்தங்காய் அதைவிட்டுப் போகவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் பெய்த மழைக்கெல்லாம், பெய்யாத மழைக்கும்தான், அந்த வாசனை இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு. ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் அறிவியல் சார் ஒருவர் இருந்தார். ஊரில் எந்த வாசலைத் தாண்டினாலும் மழை இல்லை என்ற புலம்பலே காதில் விழ, அவருக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில் மாதா கோயில் புளியமரத்தடியில் நின்றுகொண்டு, "இல்ல இல்லங்குறீங்கள்ல, எவ்வளவு இல்லனு அளந்து சொல்லுங்க பாப்போம்" என்றார். ஏழு வீடுகள் பெயர் கொடுத்தன. எங்கள் வீட்டுக்கு அம்மா கொடுத்தாள்.

நேரான பக்கமுள்ள பாட்டில், அதே அகலத்துக்கு வாயுள்ள தகரப் புனல், உள்ளே அடங்கும் ஒரு துண்டு அளவுகோல். சாரே வந்து இடம் பார்த்துக் கொடுத்தார். மரத்தடி ஆகாது, கூரை இறவாணத்துக்குக் கீழே ஆகாது, தரையில் வைத்தால் தெறிப்புத் தண்ணீர் ஏறிவிடும். கொல்லையின் நடுவில் இடுப்புயரக் கல்லுக்கால் ஒன்று கிடைத்தது. அதன் தலையில் பாட்டிலைக் கட்டி, ஆடு தள்ளிவிடாமல் அம்மா சுற்றிலும் முள் வைத்தாள். கோயில் கெபியில், கற்குகைக்குள் மாதா நிற்பதுபோல முள்ளுக்குள் ஊறுகாய் பாட்டில் நின்றது. காலை ஏழு மணிக்குப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், வாரா வாரம் புளியமரத்தடியில் தொங்கும் அட்டையில் ஏற்ற வேண்டும். சாரிடம் ஒரு சட்டம் இருந்தது. கண்ணால் பார்த்ததைப் பேனாவில் எழுது, சந்தேகம் இருந்தால் பென்சிலில் எழுது.

அப்பா அப்போது துபாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். போய் இரண்டு வருஷம். அவர் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, நீல ஏரோகிராம் கடிதமாகவும் வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தாகவும் மாறிக்கொண்டிருந்தது. ஐப்பசி தொடக்கத்தில் வந்த கடிதத்தை அம்மா இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுகிறார்கள். அங்கே மழை எப்படி? கண்மாய் பாதி நிறைந்தால்கூடப் போதும், வந்து நடவு பார்த்துக்கொள்வேன். இல்லையென்றால் போட்டுவிடுகிறேன். உடனே எழுதவும்.

எனக்கு அதில் புரிந்தது மிக எளிமையானது. பாட்டிலில் தண்ணீர் நின்றால் அப்பா வருவார்.

நிற்கவில்லை. மேகம் வடக்கே கூடும், கறுக்கும், கல்யாண வீட்டுக்குப் போகும் சொந்தக்காரர்கள் மாதிரி எங்களைப் பார்க்காமலே தெற்கே போய்விடும். நோட்டில் பூஜ்யத்துக்குக் கீழே பூஜ்யமாக எழுதி எழுதி, என் பூஜ்யங்கள் அழகாகிக்கொண்டு வந்தன. அதுதான் ஒரே லாபம்.

ஒரு சனிக்கிழமை காலை. பல் துலக்கிவிட்டுக் கொப்பளிக்கக் கையில் டம்ளரோடு கொல்லையில் நின்றேன். இரவு நாலு துளி விழுந்திருக்க வேண்டும். புனலின் தகரத்தில் நாலு புள்ளி காய்ந்திருந்தது. நாலு துளியை யாரும் மழை என்று துபாய்க்கு எழுத முடியாது. நான் யோசித்துச் செய்ததாக ஞாபகம் இல்லை. கை தானாகச் சாய்ந்தது. புனலுக்குள் களகளவென்று ஒரு சத்தம், ஒரு குமிழி, பிறகு அமைதி. அளவுகோலில் முப்பத்தாறு.

"அம்மா! முப்பத்தாறு!"

அம்மா ஈரக்கையோடு வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். கல்லுக்காலைச் சுற்றிப் புழுதி, கோழி நடந்த தடம்கூட அழியாமல் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புப் போடாமல் முள்ளுக்குள் வந்ததற்குத் திட்டப்போகிறாள் என்று நான் காலை மடக்கிக்கொண்டேன்.

"எழுதிக்க" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் கடிதம். அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். கடைசி வரியில், நான் நானாக, பேனாவில் எழுதினேன். இந்த வாரம் மழை 36 மி.மீ.

மறுநாள் புளியமரத்தடியில் அட்டை. நான்கு வீடு பூஜ்யம். மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் 'தூறல்' என்று எழுதச் சொன்னார்கள். என் முறை வந்து நான் வாசித்ததும் ஒரே சிரிப்பு.

"ஏன்டி, ஒங்க கொல்லைக்கு மட்டும் சேசுசாமி தனியா மேகம் அனுப்பிச்சாரோ?" என்றாள் பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி, எங்களுக்குச் சுவர் ஒட்டிய வீடு.

"எங்க பாட்டில்ல விழுந்த ஈ கூட நனையல ஆத்தா" என்றார் பெரியப்பா. "அந்த மேகத்த இங்கிட்டுக் கொஞ்சம் தள்ளிவிடு."

சார் சிரிக்கவில்லை. "எத்தன மணிக்குப் பெஞ்சுச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முன்னால் வந்துவிட்டாள். "நாந்தாங்க சார், கத்திரிச்செடிக்குத் தண்ணி தெளிச்சேன். அதுல பட்டிருக்கும்."

சார் தலையாட்டிவிட்டு, பென்சிலில் மெல்ல முப்பத்தாறு என்று எழுதி வட்டம் போட்டார். அடுத்த வாரம் அந்த இடத்தில் ரப்பர் தேய்த்த அழுக்கு மட்டும் இருந்தது. அம்மாவுக்கு உண்மையிலேயே அப்படித் தோன்றியிருக்கிறது என்று நான் நம்பினேன். எங்கள் கத்திரிச்செடி வீட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

ஆனால் மனது அடங்கவில்லை. வேதப் பாடத்தில் படித்த பத்துக் கற்பனைகளையும், கடவுளின் பத்துக் கட்டளைகளைத்தான், விரல்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பெய்யாத மழையைப் பெய்ததாகச் சொல்லுவது எதில் சேரும் என்று பிடிபடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அம்மா சோற்றுப்பருக்கையை நசுக்கி ஏரோகிராமை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கடைசில உள்ள நம்பர் தப்பும்மா."

"பேனாவுல எழுதிட்டீல்ல."

"அடிச்சுட்டு எழுதித் தாரேன்."

"அடிச்சா அசிங்கமா இருக்கும். ஒங்கப்பாவுக்கு அடிச்சுத் திருத்துனாப் புடிக்காது." கட்டைவிரலால் மூன்று ஓரத்தையும் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். கடிதம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று அம்மாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய்த் தபாலில் சேர்த்தாள்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. கார்த்திகை முடிவில் வந்து இறங்கினார்.

பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கண்மாய்க்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கண்மாய்க்குள் நாலு பேர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கரையில் நின்று அதைப் பார்த்தார். பெரியப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

"நாந்தான் எழுதியிருந்தேனே தம்பி, சொட்டு இல்லனு. ரெண்டு கடுதாசியும் ஒண்ணாத்தான வந்துருக்கும்? பெறகு எத நம்பி வந்த?"

"இது மில்லிமீட்டர்ல எழுதியிருந்துச்சுண்ணே" என்றார் அப்பா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பா வாய்க்கு வந்ததை எழுதுகிறவர், நான் அளவுகோல் பார்த்து எழுதுகிறவள். அப்பா அறிவியலை நம்பும் மனிதர். இதைச் சாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, எதைச் சொல்வது என்று குழம்பி, விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா டம்ளரோடு கொல்லைக்குப் போனார். முள்ளை ஒதுக்கி, பாட்டிலைக் குனிந்து பார்த்து, உள்ளே கிடந்த சருகைத் தட்டிவிட்டு, டம்ளர் தண்ணீரைப் புனலில் ஊற்றினார். அளவுகோலை வாசித்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. பாட்டிலைக் கழுவுகிறார் என்று நினைத்தேன். அங்கேயே முகர்ந்து பார்த்து, "நார்த்தங்கா" என்றார், யாரிடமும் அல்லாமல்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டினார். என்னை உட்காரவைத்துச் சைக்கிள் மிதித்தார். அப்பா இருந்த நாற்பது நாளும் அம்மா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், வார்த்தை இல்லாமல். நடவு இல்லை. தை பிறந்ததும் அப்பா ஏஜெண்டைப் பார்க்கத் திருச்சிக்குப் போய்ப் போய் வந்தார். பழைய இடம் போய்விட்டது. கிடைத்தது, பாலைவனத்துக்குள் குழாய் பதிக்கிற வேலை, மூன்று வருஷம். இதெல்லாம் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியது. ஒரு டம்ளர் தண்ணீரின் விலை அது என்று கூட்டிப் பார்க்கிற வயது எனக்கு இல்லை. அம்மாவோ அப்பாவோ கூட்டிக் காட்டவும் இல்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா அறந்தாங்கி பஸ்ஸின் போர்டையே படித்துக்கொண்டிருந்தாள், அதில்தான் தனக்குப் போக வேண்டும் என்பதுபோல. கண்டக்டர் விசில் கொடுத்தார். அப்பா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டில எடுத்துறாத ஆத்தா, இருக்கட்டும்."

"சரிப்பா."

பஸ் நகர்ந்தது. நான் கூடவே நாலு அடி ஓடினேன். அப்பா என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, என்னிடம்தான் சொன்னார்:

"அடுத்த தடவ ரெண்டு டம்ளரா ஊத்து."