சுயம்புலிங்கம் துண்டால் மறைத்த திரை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற முதலாளிகள் எத்தனையோ பேர் இருக்கலாம். மூட்டை தூக்க வந்த தறிக் கொட்டகையையே பதினெட்டு வருஷத்தில் விலைக்கு வாங்கியவர் சுயம்புலிங்கம் ஒருவர்தான். படிப்பு ரெண்டாம் வகுப்பு. அதற்கு மேலே படித்தவர்கள் இன்றைக்கு அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை, உள்ளது இதுதான். ஒரு கட்டுத் துணியைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் அவர் வெளியே விட்டதில்லை.

அவருடைய தறிக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற தொடக்கப்பள்ளிக்குப் போன ஆடியில் ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தார். கேட்டது தலைமையாசிரியை கோதைநாயகி; தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மூன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை, இதில் விளையாட்டுக் காட்டியே வாசிக்க வைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் வாங்கினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் சுயம்புலிங்கம் வகுப்பு வாசலில் போய் நின்றார். உள்ளே ஒரே கூச்சல். திரையில் மேல் வரிசையில் நாலு படம், ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே அதற்கான சொல். போர்டுக்குள்ளிருந்து ஒரு குரல் ஒரு சொல்லைச் சொல்லும். பிள்ளை ஓடிப்போய்ச் சரியான சொல்லைத் தொட்டால் பலூன் வெடிக்கும், கைதட்டல் கேட்கும். பத்துக்குப் பத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோதைநாயகி டீச்சர் முகத்தில் பெருமை வழிந்தது.

அவருக்கு ஏதோ இடித்தது. நேரே முன்னால் போனார். தோள் துண்டை எடுத்து ரெண்டு கையாலும் விரித்து, மேல் வரிசைப் படங்களை மறைத்துப் பிடித்தார்.

"ஏலே, இப்பத் தொடுங்க பாப்போம்."

குரல் "அன்னாசிப்பழம்" என்றது. அவர் கொட்டகையில் வேலை பார்க்கிற ஈஸ்வரியின் மகள் கார்த்திகா 'பனிக்கரடி' என்ற சொல்லைத் தொட்டாள். அடுத்து வந்த மூணு பேரும் அப்படித்தான்.

"டீச்சரம்மா, இது பள்ளிக்கூடமா, பொருட்காட்சியா? பொம்மையப் பாத்துக் குத்துதுக. வாசிப்பு எங்க இருக்கு?"

"எழுத்து தெரியும்ங்கய்யா. சேத்து வாசிக்கத்தான் இன்னும் வரல. கொஞ்ச நாள் பொறுங்க."

"பொறுத்தது போதும். அடுத்த வெள்ளிக்கிழம வாரேன், தாய்மாரையும் கூப்பிட்டு வைங்க. நான் எழுதிக் கொண்டாற அஞ்சு வார்த்தைய, படம் இல்லாம வாசிக்கணும். இல்லேன்னா போர்டக் கழட்டி என் கல்யாண மண்டபத்துல மாட்டிருவேன்."

"வாசிச்சுட்டா?"

"வாசிக்காது."

"வாசிச்சா என்னன்னு கேட்டேன்யா."

அவரை யாரும் இப்படித் திருப்பிக் கேட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

"வாசிச்சா இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

அந்த வாரம் பள்ளிக்கூடத்துச் சேதி ஈஸ்வரி மூலம் வந்துகொண்டே இருந்தது. "படத்தயெல்லாம் அணைச்சுட்டாவ முதலாளி. ஒவ்வொரு எழுத்தா இழுத்து ஒட்ட வச்சாத்தான் பலூன் வெடிக்குமாம். பிள்ள தூக்கத்துலயும் இழுக்குது."

"இழுக்கட்டும்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் குமாஸ்தா சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டார். போர்டுக்குள் இருக்கிற சொல்லைக் கொடுத்தால் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சொல்லாக இருக்க வேண்டும். தறி ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரிந்த அஞ்சு சொல்லைப் பொறுக்கினார். நீள நூலுக்குப் பாவு, குறுக்கு நூலுக்கு ஊடை, ஊடை நூல் சுற்றிய குச்சிக்குத் தார், அதை வைத்து ஓட்டுகிற நாடா, வெளுக்காத துணிக்குக் காடா.

சங்கரலிங்கம் அட்டையும் பேனாவும் எடுத்துவிட்டுத் தயங்கினான். "வேற எதுவும் எழுதட்டுமா முதலாளி?"

"சொன்னத எழுதுலே."

பள்ளிக்கூடத்தில் இருபது தாய்மார், தலையில் பஞ்சு ஒட்டியபடி சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். சுயம்புலிங்கம் முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினார். கார்த்திகா எழுந்தாள்.

"தா… தா…" அடுத்த எழுத்தில் நின்றாள். சட்டென்று தாயைத் திரும்பிப் பார்த்தாள். "தார். எங்கம்மா சுத்துறது."

அதற்குப் பிறகு அவர் அட்டையைத் தூக்கி முடிப்பதற்குள் சத்தம் வந்தது. ஊடையில் மட்டும் ரெண்டு பேர் இடறினார்கள், மூன்றாமவன் வாசித்துவிட்டான்.

"யாரோ முன்னாலயே சொல்லிக் குடுத்துருக்கான்," என்றார் சுயம்புலிங்கம்.

"அட்ட காலைலதான எழுதினேன் முதலாளி," என்றான் சங்கரலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஈஸ்வரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "விடிஞ்சா அடைஞ்சா எங்க வீட்டுல பாவும் தாரும்தான் முதலாளி பேச்சு. முத எழுத்தப் பிடிச்சாப் போதும், மிச்சம் வந்துரும். பனிக்கரடிய அது எங்க கண்டுச்சு?"

தாய்மார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோதைநாயகி அட்டைகளைப் போனில் படம் எடுத்தார். "இதயும் விளையாட்டுல ஏத்திருதேன். இத்தன நாளா எனக்குத் தோணல."

"அப்ப வாசிக்க வச்சது என் வார்த்த. உங்க பலூன் இல்ல."

"இழுத்துச் சேக்கத் தெரியாட்டி உங்க வார்த்தையும் வெறும் அட்டதான்யா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

தோற்றுப்போனார் என்று ஊரில் சொல்கிறவர்கள் உண்டு. துண்டைப் பிடித்து அவர் மறைத்திராவிட்டால் டீச்சர் இன்றைக்கும் பனிக்கரடிக்குக் கை தட்டிக்கொண்டிருப்பார். அதை ஒருத்தரும் சொல்வதில்லை. போர்டு அங்கேயேதான் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. சொன்ன சொல் சொன்னதுதான் என்று கொட்டகை வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.